பரிசாக ஒரு கேமரா

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முழுஆண்டு விடுமுறையோ பொங்கலோ தீபாவளியோ நெருங்கும்போது பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து கேட்பார்கள். "சார், பிள்ளை கேமரா வேணும்னு அடம்பிடிக்குது. எதை வாங்கிக் கொடுக்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார். இரண்டாயிரமோ மூவாயிரமோ சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருப்பார். நாம் சொல்வதை அப்படியே நம்பி வாங்குவார். அந்தப் பணம் ஒரே மாதத்தில் பரண் மேல் போய்விடக் கூடாது என்ற அக்கறையில்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"வீட்டில் செல்பேசி இருக்கும்போது கேமரா எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இன்றைய செல்பேசி பல மலிவான கேமராக்களைவிட நன்றாகவே படம் எடுக்கும். ஆனால் அந்தச் செல்பேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவில் பிள்ளையின் கைக்கு வரும்போது விளையாட்டும் காணொளியும் சேர்ந்தே வருகின்றன. படம் எடுக்கப் போன பிள்ளை அரை மணி நேரம் கழித்து வேறு எங்கோ இருக்கும். கேமரா ஒரே ஒரு வேலைதான் செய்யும். அதைக் கையில் எடுக்கும் பிள்ளை வெளியே பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்து, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மெகாபிக்சல் கணக்கு. பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். ஸ்டுடியோவில் நாம் வழக்கமாக அச்சிடும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்தால், 1800 × 1200 = 21,60,000 புள்ளிகள் போதும். அதாவது ஏறக்குறைய 2 மெகாபிக்சல். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். 1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா 100 × 100, மொத்தம் 10,000 புள்ளிகளைத்தான் பதிவு செய்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் ஏற்ற 23 விநாடிகள் ஆயின. அங்கிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். 2 போதும் என்ற இடத்தில் 48 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

மேலும், குழந்தைகள் கேமரா என்று விற்கப்படும் பலவற்றில் அந்த 48 உண்மையான 48 அல்ல. உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சிறியது. அது பிடித்த குறைந்த புள்ளிகளுக்கு நடுவே, கணக்குப் போட்டுப் புதுப் புள்ளிகளை நிரப்பிவிடுகிறார்கள். கட்டத்தாளில் ஒரு மாம்பழம் வரைந்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்துப் பாருங்கள். கட்டங்கள் நான்கு மடங்காகும். மாம்பழத்தில் புதிதாக ஒரு கோடுகூட வராது. அது போலத்தான் இதுவும். 'டிஜிட்டல் ஜூம்' என்பதும் இதே வகைதான். லென்ஸ் நகர்ந்து தொலைவில் உள்ளதை அருகே காட்டும் 'ஆப்டிகல் ஜூம்' மட்டுமே கணக்கில் சேரும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாடநூலின் ஒரு பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் கூழாகத் தெரிந்தால் பெட்டியில் என்ன எண் இருந்தாலும் பயனில்லை.

சரி, எதை வாங்கலாம்? பிள்ளையின் வயதைப் பொறுத்து மூன்று வழிகள் சொல்வேன்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால், கீழே விழுந்தாலும் தாங்கும் ரப்பர் உறை போட்ட சிறு கேமரா போதும். படத்தின் தரம் சுமாராகத்தான் இருக்கும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே விளையாட்டுகள் இல்லாததாகப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பொம்மை என்று விற்கும் கேமராவிலும் அந்த முத்திரையைத் தேடுங்கள். கழுத்தில் மாட்டும் கயிறு வேண்டாம். மணிக்கட்டில் மாட்டும் கயிறு போதும்.

நான்காம் வகுப்புக்கு மேல் என்றால், பழைய நல்ல கேமரா. புதிய பொம்மைக் கேமராவைவிடப் பத்தாண்டுப் பழைய கேனான், நிக்கான், சோனி சிறு கேமரா பல மடங்கு நல்ல படம் தரும். செல்பேசி வந்த பிறகு எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் இவை தூங்குகின்றன. காசு கொடுத்து வாங்கும் முன் உறவினர் வீடுகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, செலவே இல்லாத வழி. வீட்டில் ஒதுக்கிய பழைய செல்பேசியின் சிம்மை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, இணைய இணைப்பைத் துண்டித்துக் கேமராவாக மட்டும் கொடுக்கலாம். அதன் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

பழைய கேமரா வாங்குவோர் பார்க்க வேண்டியவை சில. முதலில் மெமரி கார்டு. எஸ்டி கார்டு போடுவதாக இருக்கட்டும். எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் போன்ற பழைய வகைகள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. 2006க்கு முந்தைய கேமராக்களில் பல 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. அடுத்து பேட்டரி. அந்தக் கேமராவுக்கே உரிய சார்ஜரும் பேட்டரியும் கூடவே கிடைக்கின்றனவா என்று பாருங்கள். ஏஏ அளவு பேட்டரி போடுவது என்றால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் வகையையே வாங்குங்கள். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரி சில படங்களிலேயே தீர்ந்துவிடும். கடைசியாக லென்ஸ். கேமராவை இயக்கி, ஜூமை முழுவதும் நீட்டி மடக்கிப் பாருங்கள். வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறை தெரிந்தால் உள்ளே தூசியோ பூஞ்சையோ இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. எடுத்த படத்தை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கேட்ட கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் சொல்லமாட்டாள். அவள் சித்தப்பா வீட்டில் கிடந்த பழைய கேமரா அவள் கைக்கு வந்தது. எடுத்ததெல்லாம் பூக்கட்டும் பாட்டியின் கைகள். அதில் நான்கு படங்களை அச்சிட்டு வகுப்பில் ஒட்டினோம். நாரை ஏன் ஈரத்தில் வைக்க வேண்டும், ஒரு கண்ணிக்கு எத்தனை பூ, நெருக்கமாகக் கட்டினால் முழத்துக்கு எவ்வளவு நட்டம் என்று பத்து நிமிடம் நின்று பேசினாள். அவளுக்குச் சொல்ல இவ்வளவு இருந்தது என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இது புதிய முறையும் அல்ல. 1970களின் நடுவில் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதிப் பள்ளிகளில் வெண்டி இவால்ட் என்ற புகைப்படக் கலைஞர், பிள்ளைகளின் கையில் எளிய கேமராக்களைக் கொடுத்துத் தங்கள் குடும்பத்தையும் கால்நடைகளையும் கனவுகளையும் படம் எடுக்க வைத்தார். 1985இல் அவை புத்தகமாக வந்தன. அந்த மலை மக்களின் வாழ்க்கையை அவர்களின் பிள்ளைகளே எடுத்துக் காட்டினார்கள்.

நம் வகுப்பிலும் இதற்கு இடம் உண்டு. அவரை விதை முளைப்பதைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் படம் எடுக்கலாம். தெருவில் தென்படும் கோணங்களைத் தேடி எடுக்கலாம். புழக்கத்திலிருந்து மறையும் உழவுக் கருவிகளைப் படம் எடுத்து, பெயரும் பயனும் எழுதி வைக்கலாம். ஒரு நாளைக்குப் பத்துப் படம் என்று வரம்பு வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் பிள்ளை நின்று பார்த்து எடுக்கும்.

கேமராவோடு மூன்று விதிகளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவரைப் படம் எடுக்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். குளிக்குமிடம், உடை மாற்றுமிடம், கழிப்பறைப் பக்கம் கேமரா போகவே கூடாது. பெரியவர்களுக்குத் தெரியாமல் எந்தப் படமும் இணையத்துக்குப் போகக் கூடாது. இந்த மூன்றாவது விதி நமக்கும் பொருந்தும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் குழுக்களில் பகிரும் வழக்கத்தை நாமும் விட வேண்டும்.

அடுத்த முறை ஒரு பெற்றோர் வந்து கேட்டால், எந்த நிறுவனம், எத்தனை மெகாபிக்சல் என்று தொடங்க வேண்டாம். "பிள்ளைக்கு எதைப் படம் எடுக்க ஆசை?" என்று முதலில் கேளுங்கள். பிறகு வயது, வீட்டில் கிடக்கும் பழைய கேமரா, கையில் உள்ள பணம் என்று வரிசையாகப் பாருங்கள். செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை அச்சுக்கும் பேட்டரிக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை படத்தோடு உங்களிடம் வந்தால், ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.