தவிட்டுச் செடியைக் காப்போம்

(நீலகிரி மலையில் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று, யாரும் நடாமலும் நீர் பாய்ச்சாமலும் நம் மலைச்சரிவில் வளர்கின்ற ஒரு செடியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அதுவே தவிட்டுச் செடி. தவிட்டுக் கொய்யா என்றும் இதனைச் சொல்வதுண்டு.

கொய்யா, நாவல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சோலைக் காட்டின் ஓரத்திலும், புல்வெளியிலும் புதராக வளர்கிறது. இளஞ்சிவப்பு மலர் பூக்கும். பழுத்த பழம் கருநீல நிறமாய், மெத்தென்று இருக்கும். உள்ளே இனிய சதையும் ஏராளமான சிறு விதைகளும் உண்டு.

இந்தப் பழம் நமக்கு மட்டும் உரியதன்று. நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவை உலகிலேயே இம்மலைப் பகுதியில் மட்டுந்தான் வாழ்கிறது. தவிட்டுப் பழம் அதன் உணவுகளுள் ஒன்று. கனி தின்னும் பறவைகள் விதைகளை வேறிடங்களில் எச்சத்தோடு இடுகின்றன. சோலை மரங்கள் பலவற்றின் விதைகளும் இவ்வாறே பரவுகின்றன. தென் சீனத்தின் சீரழிந்த மலைச்சரிவுகளில், தவிட்டுச் செடியின் நிழல் மரக்கன்றுகள் வளர உதவுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றனர். சோலை தழைத்தால் ஓடையில் நீர் நிற்கும். ஓடையில் நீர் நின்றால்தான் நம் காரட்டும் முட்டைக்கோசும் விளையும்.

ஆனால் நடப்பது என்ன? புதர் அகற்றும் வேலை தொடங்கியதும், உண்ணிச் செடியோடு தவிட்டுச் செடியும் வெட்டப்பட்டு விடுகிறது. உண்ணிச் செடி அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. அதைத் தின்னும் கால்நடை நோயுறும். அதனை அகற்றுவது நற்பணியே. ஆயினும் வெட்டுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். தவிட்டு இலையின் அடிப்புறம் வெண்மையான மென்மயிர் அடர்ந்திருக்கும். மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும். உண்ணி இலையோ சொரசொரப்பானது. கசக்கினால் கடுமையாக நாறும்.

“புதர் இருந்தால் காட்டுப்பன்றி தங்குமே” என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. வயலை ஒட்டியும் நடைபாதையிலும் அடர்ந்த புதரைக் குறைக்கலாம். ஓடைக்கரையையும் செங்குத்தான சரிவையும் தொட வேண்டாம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நம் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செடி ஒன்றே மலையைத் தாங்கிவிடும் என்று நான் கூறவில்லை. ஆயினும் வேர் பிடித்து நிற்கும் சரிவை மழைக்காலத்துக்கு முன் மொட்டையாக்குவது விவேகமன்று.

ஆகவே ஊராட்சிக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, புதர் வெட்டும் நாளில் உறுப்பினர் ஒருவர் உடன் சென்று, எதை வெட்டுவது, எதை விடுவது என்று வேலையாட்களுக்குக் காட்ட வேண்டும். இரண்டாவது, கிளையை ஒடிக்காமல் பழுத்ததை மட்டும் பறித்து, பறவைகளுக்கும் மிச்சம் வைக்கச் சிறுவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். கரடியும் காட்டுப் பழங்களை நாடி வருமாதலால், விடியலிலும் அந்தியிலும் அவர்களைத் தனியே அனுப்பலாகாது. மூன்றாவது, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சி வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில், இச்செடி நிற்கும் இடங்களையும், பெரியோர் அறிந்த செய்திகளையும் எழுதி வைக்க வேண்டும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சற்றுக் கவனம் போதும். வெட்டிய புதர் ஒரு நாள் வேலை; அது மீண்டும் வளர்ந்து கனி தருவதோ பல ஆண்டுப் பணி. இதை மனத்திற்கொண்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.