பாதாம் வாசனை பாதாமோடது இல்லையா?

டிசம்பர் வந்தாச்சு, மிஷன் வீதி பக்கம் ஸ்டார் தொங்க ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு எபிசோடு, வீட்லயே சுடுற பாதாம் குக்கீ பத்தி.

முதல்ல ஒரு விஷயம். பாதாம் எசென்ஸ் பாட்டிலைத் திறந்ததும் குப்புனு ஒரு வாசனை வருமே, அது நாம ஊறவெச்சுத் திங்கற பாதாமோட வாசனை இல்ல. அதுக்குப் பேரு பென்சால்டிஹைடு. கசப்பு பாதாம், ஆப்ரிகாட் கொட்டைக்குள்ள இருக்கற பருப்பு, இதுலெல்லாம் அமிக்டலின்னு ஒரு பொருள் இருக்கு. பருப்பை நசுக்கித் தண்ணி பட்டா அது உடையும். வாசனையும் வரும், கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வரும். நம்ம கடையில கிடைக்கற இனிப்பு பாதாம்ல அமிக்டலின் ரொம்பக் கம்மி. அதுக்குக் காரணம் மரபணுவில் நடந்த ஒரே ஒரு எழுத்து மாற்றம் என்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வெளியானது. நம்ம பாஷையில, ஒரு கேரக்டர் மாத்தின பேட்ச்!

எங்கம்மா என் குக்கீயைக் கடிச்சுட்டு, "என்னடா, இருமல் மருந்து வாசம் அடிக்குது?"னாங்க. அவங்க மூக்கு சொன்னது சரிதான். செர்ரி ஃப்ளேவருக்கும் இதே பென்சால்டிஹைடுதான் அடிப்படை. நமக்குப் பாதாம்னா பாதாம் பால்ல வர்ற ஏலக்காயும் குங்குமப்பூவும்தானே?

இப்ப சீரியஸா ஒண்ணு. 'நேச்சுரலா பண்றேன்'னு ஆன்லைன்ல கசப்பு ஆப்ரிகாட் பருப்பை வாங்கி அரைக்காதீங்க. பச்சையா மூணு சின்னப் பருப்புக்கு மேல சாப்பிட்டாலே பெரியவங்களுக்குப் பாதுகாப்பு அளவு தாண்டிடலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. குழந்தைங்களுக்கு இன்னும் ஆபத்து. பாட்டில் எசென்ஸே போதும்.

சரி, அளவு. வெண்ணெய் 110 கிராம், பொடிச்ச சர்க்கரை 60 கிராம், ரெண்டையும் நல்லாக் குழைங்க. மைதா 150 கிராம், பாதாம் பொடி 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைங்க. எசென்ஸ் கால் டீஸ்பூன், அதுக்கு மேல வேணாம். அம்மா கட்சின்னா எசென்ஸுக்குப் பதிலா ஏலக்காய்த்தூள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, உருட்டித் தட்டி, 160 டிகிரியில 15-லிருந்து 18 நிமிஷம். ஓரம் லேசா பொன்னிறமானதும் எடுத்துடுங்க. சூடா இருக்கும்போது மெத்துனுதான் இருக்கும், ஆறினா மொறுமொறுப்பாயிடும். நம்ம ஊரு மழைக்கால ஈரக்காத்துக்கு, முழுசா ஆறினதும் காத்துப் புகாத டப்பாவுல போட்டுடுங்க.

பாதாம் விலை கையைக் கடிக்குதா? முந்திரி போடுங்க. தூத்துக்குடி மக்ரூனே அப்படித்தான்: ஐரோப்பாவில் பாதாம் போடுற பலகாரம், அங்கே முந்திரியாச்சு. நமக்குப் பண்ருட்டி வேற பக்கத்துலயே இருக்கு.

பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பும்போது, உள்ள என்ன பருப்புனு சொல்லி அனுப்புங்க. சிலருக்கு அலர்ஜி இருக்கும்.

எசென்ஸா, ஏலக்காயா? உங்க வீட்ல எது ஜெயிச்சதுனு சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!