பொன்னிக்குப் போன பொருநைத் தண்ணீர்



பட்டமளிப்பு மேடையில், பட்டம் வாங்காத ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, 1921இல் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைத்ததும் திருச்சியில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆண்டே சிறை. வெளியே வந்ததும் திரு.வி.க.வின் ‘நவசக்தி’, ராஜாஜியோடு திருச்செங்கோடு ஆசிரமத்தில் ‘விமோசனம்’, எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’, கடைசியாக 1941இல் நண்பர் சதாசிவத்தோடு தொடங்கிய சொந்தப் பத்திரிகை. அதற்குத் தம் புனைபெயரையே வைத்தார்: கல்கி.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி மூன்றரை ஆண்டு வாராவாரம் வந்தது. திருநெல்வேலி வீடுகள் பலவற்றில் இன்றும் பரணில் அது கிடைக்கும். பத்திரிகையிலிருந்து தொடரை மட்டும் கிழித்தெடுத்து, காடாத்துணி ஒட்டி பைண்டு செய்த தொகுதி. ஒரு பக்கம் மணியம் வரைந்த குந்தவை, தாளைத் திருப்பினால் தலைவலித் தைல விளம்பரம். ஓரமெல்லாம் பழுப்பேறி, வீட்டுப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் புரட்டியதில் மூலைகள் மழுங்கியிருக்கும். 1999இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானபின் எத்தனை பதிப்பகங்கள், எத்தனை பதிப்புகள்! தமிழில் இத்தனை தலைமுறை விடாமல் விலைகொடுத்து வாங்கிய நாவல் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அது காவிரிக்கரைக் கதை. ஆனால் அந்தக் கதைக்கு எலும்பு கொடுத்தவர் நம் தாமிரபரணிக் கரைக்காரர். கல்லிடைக்குறிச்சியில் 1892இல் பிறந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார், நம் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர், 1913 முதல் அங்கேயே பாடம் நடத்தியவர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1935இலும் 1937இலும் சோழர் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். செப்பேடு, கல்வெட்டு, சிங்களத்து மகாவம்சம், சீனக் குறிப்பு என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்த்து எழுதிய நூல். எழுதியது ஆங்கிலத்தில். பரணில் பைண்டு நூலை வைத்திருந்த அந்தப் பெண்களில் எத்தனை பேரால் அதைப் படித்திருக்க முடியும்? கல்கி படித்தார். தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் தமிழ் நூலையும் படித்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர் ஆராய்ச்சி நூல்களின் அடிக்குறிப்பு வரை இறங்கினார். ஓவியரோடு அஜந்தா போனார், இலங்கைக்குப் போனார்.

ஒரே ஒரு கல்லை மட்டும் காட்டுகிறேன். காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடிக் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணனை, கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அவர்களின், அவர்கள் உறவினரின் சொத்துகளைப் பறிமுதல் செய்து விற்பதைப் பற்றிய ஆணை அது. உணர்ச்சியே இல்லாத வருவாய்த்துறைக் காகிதம் மாதிரிதான் இருக்கும். சாஸ்திரியார் அதை அலசி, சந்தேகத்தை ராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்த உத்தம சோழன் பக்கம் திருப்பினார். பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. கல்கி என்ன செய்தார்? அந்தப் பெயர்களை எடுத்துப் பாண்டிய மன்னனின் மெய்காவலர்களான ஆபத்துதவிகளாக நள்ளிரவில் காட்டுக்குள் கூடவைத்தார். கொலை நடக்கும் அறையில் விளக்கை அணைத்தார். கொன்றவர் இன்னார் என்று அடித்துச் சொல்லாமல் விட்டார். அறிஞர்கள் இருவர் மாறுபட்டு நிற்கும் இடத்தில், லட்சக்கணக்கான வாசகர்களைக் கையில் வைத்திருந்த கதாசிரியர் தீர்ப்பு எழுதவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள்: ஆடிப்பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். உடையார்குடிக்கு அருகிலேயே இருக்கும் ஏரி அது.

நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அப்படியே. வந்தியத்தேவன் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக ஒரு வரியில் வருபவர். 2022இலும் 2023இலும் இந்த நாவலை ஒட்டிய மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது, நந்தினியின் ஊர் எது, அவள் கல்வெட்டு எங்கே என்று கேட்டவர்கள் ஏராளம். கேட்டதில் தவறில்லை. பதில் சொல்ல வரலாறு படித்தவர்கள் போதுமான அளவு முன்வரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கல்கிக்கு இந்த ஊரோடு இன்னொரு உறவும் உண்டு. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பனை வாய்விட்டுப் பாடி ரசிக்கக் கற்றுக்கொடுத்த இடம் அது. அந்த டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ‘சிவகாமியின் சபதம்’ தம் மனத்தில் உருவானது என்று கல்கியே எழுதியிருக்கிறார். எட்டயபுரத்தில் 1947இல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபம், அவர் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து வாசகர்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்தது. டி.கே.சி. 1954 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் போய்விட்டார், 55 வயதில்.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. இதே இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற புதுமைப்பித்தன் கல்கியின் எழுத்தைக் கடுமையாகத் தாக்கினார். ஆயிரக்கணக்கான வாசகர் என்பதே ஓர் எழுத்துக்கு நற்சான்று ஆகாது என்ற அவர் பக்க நியாயம் இன்றும் நிற்கிறது. இருவரையும் படியுங்கள். நான் இருவரையும் விடமாட்டேன்.

இந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறது? 1891இல் ‘மனோன்மணீயம்’ நாடகம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை. அவரே திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து மன்னர்களின் காலத்தை வரிசைப்படுத்தினார், ஞானசம்பந்தரின் காலத்தையும் ஆராய்ந்தார். கல்கிக்கும் சாஸ்திரியாருக்கும் இடையே பிரிந்து கிடந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆளாகச் செய்தவர். உங்கள் சான்றிதழில் இருப்பது அந்தப் பெயர்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் மன்னார்கோயில் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போகலாம். முதலாம் ராஜேந்திரன் காலத்தில், சேர மன்னன் ராஜசிம்மன் எடுப்பித்த பெருமாள் கோயில். அதற்கு ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று பெயர். பாண்டிய மண்ணில், ஒரு சேரன், சோழன் பெயரில் கோயில் எழுப்ப என்ன நேர்ந்தது? அந்தக் கேள்விக்குள் முழு நாவல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஓர் ஆய்வேடும் கூட. தமிழ்நாடு முழுக்கத் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சாலும் சுண்ணாம்புப் பூச்சாலும் அழிந்த எழுத்துகள் கொஞ்சமில்லை. படியெடுத்தும் அச்சேறாத கல்வெட்டுகள் இன்னும் ஏராளம். இயற்பியல் படித்தவரும் கணினி படித்தவரும் அங்கே போகலாம், வரலாற்றுத் துறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. அடுத்த விடுமுறைக்குள் போய் வாருங்கள். வேலைக்கு வெளியூர் கிளம்புகிறவர்கள் அதற்கு முன்பே போய்விடுங்கள்.