அப்ரண்டிஸ் இடத்தில் நம்ம பங்கு எங்கே?

(மூக்கண்டப்பள்ளியில் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்திருக்கீங்க. நீட்டிப் பேச மாட்டேன்.

நாம குடியிருக்கிற இந்த லைன் வீடுகளுக்குப் பக்கத்துலதான் சிப்காட். காலையில கேட்டுக்குள்ள போற கூட்டத்தைப் பாருங்க. டூல் ரூமுக்கு யார் போறாங்க? கக்கூஸ் கழுவ, லோடு இறக்க யார் போறாங்க? ஆதிதிராவிடர், ஆதி கர்நாடகர், மாதிகர்னு மூணு மொழி பேசுற நம்ம சனம் காண்ட்ராக்ட் வரிசையில நிக்குது. அஞ்செட்டிக் காட்டு இருளர் பிள்ளைங்க அந்த வரிசைக்குக்கூட வந்து சேரல.

நான் வேலை செய்த இடத்தில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்ச நம்ம பையன் ஒருத்தனைக் கூட்டிப் பெருக்கத்தான் எடுத்தாங்க. சங்கத்தில் சொன்னேன். "அவன் நம்ம மெம்பர் இல்லையே தோழர்"னு பதில் வந்தது.

இந்தப் பதில் புதுசில்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவு தீண்டப்படாதவர்களுக்கு மூடிக் கிடந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கணும். நம்ம ஆள் வாய் வைத்த நாடாவைத் தொட மாட்டோம்னு சொன்னது முதலாளி இல்ல, சாதி இந்துத் தொழிலாளி. 1928 வேலைநிறுத்தத்தில், இந்தத் தடையை நீக்கணும்கிறதையும் கோரிக்கையில் சேருங்கன்னு அம்பேத்கர் விடாப்பிடியாக நின்ற பிறகுதான் சங்கத் தலைமை மனசில்லாமல் சேர்த்தது. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு எதிரிகள்னு 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளரிடம் அவர் பேசியது இந்த அனுபவத்துக்குப் பிறகு.

சென்னையில் 1921, பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குப் போனாங்க. கருங்காலின்னு பட்டம் கொடுத்தாங்க. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதுக்கு முன்னால் சேரியின் குறை என்னன்னு யார் கேட்டாங்க?

சரி, இப்போதைய சங்கதிக்கு வர்றேன். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லைன்னு நாமே சொல்லிக்கிட்டிருக்கோம். அப்ரண்டிஸ் பயிற்சியில் இருக்கு! 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973இல் 3ஏ பிரிவைச் சேர்த்தாங்க. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்கணும். எத்தனை இடம்கிறதை மாநிலத்தில் அவர்களுடைய மக்கள்தொகையைப் பார்த்து விதி சொல்லும். 30 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் கணக்கில் சேர்த்து, 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கணும்னு 2019இல் விதி வந்தது. காண்ட்ராக்ட் ஆளைக் கணக்கெடுக்கச் சட்டத்துக்குத் தெரியுது, சங்கத்துக்குத் தெரியல.

இதில் ஓட்டையும் உண்டு. அப்ரண்டிஸ் 'பயிற்சியாளர்'தான், தொழிலாளி இல்லைன்னு அதே சட்டம் சொல்லுது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கணும்கிற கட்டாயமும் இல்ல. ஓராண்டு வேலை வாங்கிட்டு அனுப்பிடலாம். அதனால்தான் சங்கம் தேவைப்படுது. போனஸுக்குக் கேட் மீட்டிங் போடுறோமே, 3ஏ பிரிவுக்கு ஒரு நாள் போட்டிருக்கோமா?

இன்னொன்று. ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் 6,000 பேர் ஓசூர் அருகே ஐபோன் செய்யப் பயிற்சி பெறுவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். "வடக்கத்தி ஆளுங்க வந்துட்டாங்க"ன்னு நம்ம ஆட்களே பேசுறதைக் கேட்கிறேன். அந்தப் பக்கம் பேசுற குடுக் மொழி திராவிட மொழிங்க! மொழியை விடுங்க, அவர்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு நோட்டீஸாவது அடிச்சோமா? இருளர் பிள்ளைக்கு இடம் கேட்கிறதும் ஜார்க்கண்ட் பெண்ணைச் சங்கத்தில் சேர்க்கிறதும் ஒரே வேலைதான்.

ஆஸ்திரேலியாவில் 1966இல் குரிந்திஜி பழங்குடி மாட்டுப் பண்ணைத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினாங்க. கூலியில் தொடங்கி, நிலத்தையே திருப்பிக் கேட்டாங்க. வெள்ளைத் தொழிலாளரின் சங்கங்கள் பணம் திரட்டி, மேடை கொடுத்துத் துணை நின்றன. அங்கே முடிஞ்சது.

மாணவத் தோழர்கள் செய்யவேண்டியது: ஒவ்வொரு கம்பெனியிலும் எத்தனை அப்ரண்டிஸ், அதில் நம்மவர் எத்தனைன்னு கணக்குத் திரட்டுங்க. அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடலாம். சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் இதை முதல் பக்கத்தில் எழுதுங்க. எழுத மாட்டோம்னு தலைமை சொன்னால், பொதுக்குழுவில் எழுந்து காரணம் கேளுங்க. மனு எழுதத் தெரியாதவங்க கூட்டம் முடிஞ்சதும் இருங்க, தாள் கொண்டு வந்திருக்கேன்.