கல்லைக் கற்ற பிரெஞ்சுக்காரர்

(கீழ்பென்னாத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)

இவ்வூரினின்று கிழக்கே சென்றால் செஞ்சி. அதற்கும் அப்பால் மண்டகப்பட்டு. அங்குள்ள குடைவரையில் ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், மாழை, சுண்ணம் ஆகிய எவையும் இன்றி, விசித்திரசித்தன் என்னும் அரசன் நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் அக்கோயிலை எடுத்தான் என்பது அதன் செய்தி. யார் அந்த விசித்திரசித்தன்? முதலாம் மகேந்திர பல்லவனே என்று நிறுவியவர் கபிரியேல் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர்.

அவர் 1885இல் சைகோனில் பிறந்தவர்; 1909இல் புதுவைக்கு வந்து, அங்குள்ள பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். பிறர் பட்டயங்களையும் பழங்கதைகளையும் புரட்டிக்கொண்டிருந்த நாளில், இவர் கோயில் கோயிலாக நடந்தார். தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை நோக்கினார். பல்லவர் காலத்தில் அது வளைந்து சுருள் வரிகளோடு இருக்கும். சோழர் காலத்தில் கோணமாக வெட்டுண்டிருக்கும். விசயநகரக் காலத்தில் மொட்டாகத் தொங்கும். பின்னர் வாழைப்பூவாய் விரியும். கொடுங்கையிலுள்ள கூடுகளின் உச்சியும் அத்தகையதே. பல்லவர் கூட்டில் மண்வெட்டி முகம். சோழர் கூட்டில் சிங்க முகம். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்ல இவ்வளவு போதும்! உறுப்புகளின் பெயர்களை அவர் கற்றது உளி பிடித்த நம் சிற்பியரிடமே என்பதை மறக்கலாகாது. இவ்வாய்வு 1914இல் இரு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. பல்லவர் பற்றிய அவர் நூல் 1917இல் ஆங்கிலத்தில் வந்தது.

மண்டகப்பட்டுச் செய்தி நமக்கு உணர்த்துவது யாது? செங்கல்லும் மரமும் இன்றி எடுத்ததை ஒருவன் பெருமையாகச் சொல்கிறான் எனின், அதுகாறும் கோயில்கள் அவற்றால் ஆனவை என்பதுதானே! கல்லில் தொடங்கியதன்று தமிழன் கோயிற்கலை. அழிந்துபோன மரத்திலும் செங்கல்லிலும் அதற்கு நெடிய முன்வரலாறு உண்டு.

அவர் பிழையே செய்யாதவர் அல்லர். சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரன் காலத்தவை என்றார். பின்னர்க் கிடைத்த பாண்டியர் கல்வெட்டோ 9ஆம் நூற்றாண்டைக் காட்டிற்று. ஆயினும் அவ்வோவியங்களை 1920இல் உலகறியச் செய்தவர் அவரே. காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலில் சுண்ணப் பூச்சின் அடியில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931இல் கண்டவரும் அவரே.

அச்சுண்ணத்தை அடித்தவர் யார், அவையீர்? அயலானா? கோயிலைத் தூய்மை செய்கிறோம் என்று நம்பிய நம்மவர்! நம் மாவட்டத்துச் சீயமங்கலத்தில் மகேந்திரன் குடைந்த கோயில் இன்றும் உள்ளது. மாமண்டூர்க் குடைவரைகளும் உள்ளன. இவை அரசின் காவலில் நிற்கின்றன. காவலற்ற சிற்றூர்க் கோயில்களிலோ, திருப்பணியின் பெயரால் பழந்தூணைப் பெயர்த்துப் பைஞ்சுதைத் தூண் நடுகின்றனர். பெயர்த்தெறிந்த போதிகையோடு அக்கோயிலின் அகவையும் குப்பைமேட்டுக்குப் போய்விடுகிறது.

1937இல் அரிக்கமேட்டில் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளை அவர் விலைகொடுத்து வாங்கினார். அங்குக் கிடைத்த ஒரு மணியில் உரோமப் பேரரசன் அகத்தசின் தலையுருவைக் கண்டு, இஃது உரோமர் வாணிகத் துறை என ஆளுநருக்கு எழுதினார். 1945இல் வீலர் அவ்விடத்தை அகழ்ந்தார். உரோமக் கலங்கள் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே துப்ரேய் பாரிசில் மறைந்தார்.