திருகோணமலைக்குக் கிழக்கே வீழ்ந்த கற்றலினா

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை 7.16 மணி. திருகோணமலைக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவின் மேல் ரோந்து சென்ற கற்றலினா விமானம் ஒன்று ஜப்பானியப் போர்க்கப்பல்களைக் கண்டது. கண்டதை வானொலி வழியாகக் கரைக்கு அறிவித்துக்கொண்டிருந்தபோதே ஜப்பானியச் சண்டை விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் சென்ற எவரும் உயிர் பிழைக்கவில்லை. அந்த விமானம் கனேடிய வான்படையின் 413ஆம் படையணியைச் சேர்ந்தது. அதை ஓட்டிச் சென்றவர் பிளைட் லெப்டினன்ட் ரே தாமஸ்.

கற்றலினா ஒரு பறக்கும் படகு. அதன் உடல் படகின் வடிவில் அமைந்தது. கடலிலிருந்தோ வாவியிலிருந்தோ எழும்பி, மீண்டும் நீரிலேயே இறங்கும். இரண்டு இயந்திரங்களும் 104 அடி அகலத்துக்கு விரிந்த இறக்கையும் அதற்கு உண்டு. எட்டு அல்லது ஒன்பது பேர் அதில் செல்வார்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறக்கக்கூடியது என்பதால் பரந்த கடலைத் தேடிப் பார்க்க அதைவிடப் பொருத்தமான விமானம் அன்று அரிது. ஆனால் அதன் வழக்கமான வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான். ஜப்பானின் சீரோ சண்டை விமானமோ 500 கிலோமீற்றருக்கு மேல் பறந்தது. சீரோவின் கண்ணில் பட்ட கற்றலினாவுக்கு மறைந்துகொள்ள மேகம் இருந்தால் உண்டு. இல்லையேல் தப்ப வழியில்லை.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படைக்குக் கொழும்பும் திருகோணமலையும் முக்கிய தளங்களாயின. இலங்கைத் தீவைச் சுற்றியுள்ள கடலைக் கண்காணிக்க, ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் இருந்த 413ஆம் படையணி காலிக்கு அருகிலுள்ள கொக்கல வாவிக்கு அனுப்பப்பட்டது.

அந்தப் படையணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, இலங்கையின் தென்கோடியிலிருந்து சுமார் 360 கடல் மைல் தொலைவில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டார். அதில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. செய்தி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானமும் வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைபிடிக்கப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. அன்று காலை எதிரியைப் பின்தொடர்ந்த வேறொரு கற்றலினாவும் திரும்பவில்லை.

ஏப்ரல் 8ஆம் திகதி பிற்பகல் மற்றொரு கற்றலினா அதே கப்பற்படையை இலங்கைக்குக் கிழக்கே கண்டது. அந்த இரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே அனுப்பப்பட்டன. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும், துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அவற்றுள் அடங்கும்.

மறுநாள் காலை தாமஸின் விமானம் எதிரியைக் கண்டபோது ஜப்பானிய விமானங்கள் ஏற்கெனவே திருகோணமலையை நோக்கி வந்துகொண்டிருந்தன. கரையிலிருந்த ராடர் அவற்றைச் சில நிமிடங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது. நகரத்தை எச்சரிக்க ராடர் போதுமானதாக இருந்தது. ஆனால் ராடருக்குத் தெரிந்தது வரும் விமானங்கள் மட்டுமே. அவற்றை அனுப்பிய கப்பல்கள் நடுக்கடலில் எங்கே நிற்கின்றன என்பதை அங்கே பறந்து செல்பவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். தாமஸின் குழுவினர் அந்தப் பணியிலேயே இறந்தனர்.

ஏறத்தாழ 130 ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் தாக்கின. எதிர்த்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் 17. அவற்றுள் எட்டு அழிந்தன. துறைமுகத்தில் நின்ற சகைங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. முற்பகலில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் உயிரிழந்தனர். வம்பயரும் அதைத் தொடர்ந்து மூழ்கியது. நீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது.

கற்றலினாக்கள் அடுத்தடுத்து வீழ்ந்ததற்குக் காரணம் அந்தப் பணியின் இயல்பிலேயே இருந்தது. கப்பல்களை எண்ணவும் அவை செல்லும் திசையை அறியவும் விமானம் நெருங்கிச் செல்ல வேண்டும். நெருங்கினால் விமானந்தாங்கிக் கப்பலின் சண்டை விமானங்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். உடனே திரும்பி ஓடினால் உயிர் பிழைக்கலாம், செய்தி அரைகுறையாகும். நின்று அறிவித்தால் செய்தி போய்ச் சேரலாம், விமானம் திரும்பாது. பேர்ச்சலும் தாமஸும் அறிவிப்பதையே தேர்ந்தனர்.

போர் முடிந்ததும் விடுதலையான பேர்ச்சல் 'இலங்கையைக் காத்தவர்' என்று போற்றப்பட்டு, 2004ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். தாமஸின் குழுவிலோ நடந்ததை எடுத்துச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. கல்லறையும் அவர்களுக்கு இல்லை. தெற்கு, கிழக்கு ஆசியப் போர்முனைகளில் காணாமற்போன வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

திருகோணமலையின் போர்க்கால வரலாற்றைச் சொல்வோர் எரிந்த எண்ணெய்த் தாங்கியையும் மூழ்கிய ஹேர்மிஸையும் மறவாமல் குறிப்பிடுகிறார்கள். அதே காலையில், அதே கடலில், செய்தி சொல்லும்போதே உயிர்விட்ட கற்றலினாக் குழுவினருக்கும் அந்த வரலாற்றில் இடம் அளிக்க வேண்டும்.