வலி நின்றால் நோய் நின்றதா?

ஜோகூர்த் தோட்டங்களில் விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோர், தொண்டை வலித்தால் கையில் அகப்பட்ட மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதுண்டு. சற்றே பொறுங்கள்.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. ஒரு வாரத்தில் தானே தணியும். இளஞ்சூடான ஒரு கிளாஸ் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளியுங்கள். வலி மிகுந்தால் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றோ இரண்டோ போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 8 மாத்திரையைத் தாண்டினால் ஈரல் கெடக்கூடும். சளி மருந்திலும் பாரசிட்டமால் இருக்கலாம். அதையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவைக் கிளினிக்கில் கேளுங்கள்.

பல் முளைக்கும் குழந்தையின் ஈறில், மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் ஜெல்லைத் தடவாதீர்கள். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்து, உதடு நீலம் பாயக்கூடும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது ஆகாதென்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. சுத்தமான விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுங்கள், போதும்.

வெற்றிலையும் புகையிலையும் போடுவோருக்கு ஒரு வார்த்தை. வாய்ப்புண்ணோ வெள்ளைப் படையோ 3 வாரமாகியும் ஆறாவிட்டால், மருந்து பூசி மறைக்காதீர்கள். புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. உடனே டாக்டரிடமோ பல் மருத்துவரிடமோ வாயைத் திறந்து காட்டுங்கள்.